பெயருக்கு வலது பக்கம்

என் அம்மாவுக்குப் பெனிசிலின் ஆகாது. இதை நான் தெரிந்துகொண்டது எழுபதுகளின் நடுவில், சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கிளினிக்கில். தொண்டைப் புண் என்று போனோம். ஊசி போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பள்ளிச் சீருடையில் நான் அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளங்கையைச் சொறிந்தாள். பிறகு கழுத்தைச் சொறிந்தாள். உதடு தடித்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை, அடைத்துக்கொண்ட குழாயில் காற்று இழுபடுவது போல ஒரு சத்தம் வந்தது. டாக்டர் ஓடி வந்து வேறோர் ஊசி போட்டார், ஆம்புலன்ஸ் வந்தது, அம்மா பிழைத்தாள். இன்னொரு முறை அந்த மருந்து உடம்புக்குள் போனால் இந்த அளவுக்குக்கூட நேரம் கிடைக்காது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து அம்மாவோடு எந்த டாக்டரிடம் போனாலும் வணக்கத்துக்கு முன்னால் அந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். பல் பிடுங்கப் போனபோதும் சொன்னேன், கண்ணாடிக்கு அளவு பார்க்கப் போனபோதும் சொன்னேன். அம்மாவுக்கு அது வேடிக்கை.

“பேரக் கேக்கறதுக்கு முன்னாடியே வியாதியச் சொல்றா பாரு. மொதல்ல என் பேரச் சொல்லுடி.”

அம்மாவின் பெயரைச் சொல்வது லேசான காரியம் அல்ல. நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு இரண்டு புனிதர்களின் பெயர்களை வைத்து, வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அதன் பிறகு ‘இன்னாரின் மகள்’ என்ற குறி. அதன் பிறகு அவளுடைய அப்பாவின் பெயர். அவருக்கும் புனிதர்கள் இரண்டு பேர். அடையாள அட்டையில் அது முதல் வரியில் அடங்காமல் கீழே இறங்கியிருக்கும். பாதியில் நிறுத்தினால் அம்மா விடமாட்டாள். சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பெயர், அதில் கால் பங்கைக் கழித்துச் சொல்ல நீ யார் என்பாள்.

எண்பதுகளின் கடைசியில் நான் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்தேன். கீழே வெங்காயமும் மிளகாயும் மொத்த வியாபாரம். மாடியில் கம்ப்யூட்டர்களுக்காக ஏர்கானைக் கடுங்குளிரில் வைத்திருப்போம். மிளகாய் நெடி எப்படியோ அதற்குள்ளும் வந்துவிடும். முதலாளி சீனர், தமிழ் தெரியாதவர். என்னோடு நிரல் எழுதியவன் மார்சிலிங்கிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பையன். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன், என்னை அக்கா என்பான், வாய் ஓயாதவன். எங்களுக்கு ஒரு தனியார் மருத்துவமனையின் வேலை கிடைத்திருந்தது. வார்டில் தாதியர் மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். படுக்கை எண்ணைத் தட்டினால் அந்த நோயாளியின் விவரம் ஒரு விண்டோவில் திறக்க வேண்டும்.

விண்டோவுக்குள் இருக்கும் பட்டன், எழுத்துப் பெட்டி, பட்டியல் ஒவ்வொன்றுக்கும் விட்ஜெட் என்று பொதுப்பெயர். அதற்கு முன் நான் எழுதிய திரைகளில் ஒவ்வொன்றின் இடத்தையும் நானே எண்ணில் சொல்லிவிடுவேன்: இடப்பக்கத்திலிருந்து இவ்வளவு, மேலேயிருந்து இவ்வளவு. முதலில் கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்து, சரிபார்த்து, பிறகுதான் தட்டுவேன். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

புதிய கம்ப்யூட்டரில் அது நடக்காது. அதில் விண்டோவின் மூலையைப் பிடித்து யார் வேண்டுமானாலும் இழுத்துப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். எழுத்தின் அளவை மாற்றலாம். ஆகவே இடத்தைச் சொல்லக் கூடாது, உறவைத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி அந்தத் தலைப்புக்கு வலது பக்கம். இந்தப் பட்டன் அந்தப் பட்டியலுக்குக் கீழே. மற்றதை லேஅவுட் மேனேஜர் என்ற நிரல்பகுதி பார்த்துக்கொள்ளும். வெளியே இருப்பது பெற்றோர், உள்ளே இருப்பவை பிள்ளைகள் என்று கையேட்டில் எழுதியிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எனக்கு இவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்கும். பெற்றோர் இருக்கிற இடத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும்.

நான் எழுதிய முதல் விண்டோவை அந்தப் பையன் மவுஸால் பிடித்து வேண்டுமென்றே சுருக்கிக் காட்டினான். மூலையை உள்ளே தள்ளத் தள்ள எல்லாம் நெருங்கின. வலது ஓரத்தில் இருந்த பெட்டி மெதுவாக விளிம்புக்குள் அமிழ்ந்து, பிறகு காணாமலே போயிற்று.

“எங்க போச்சு?” என்றேன்.

“எங்கயும் போகல அக்கா. அங்கயேதான் இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்.”

“மெஷின் ஒன்னும் சொல்லாதா? ஒரு எர்ரர்கூட வராதா?”

“எதுக்கு வரணும்? அது மேனேஜர் லா. எந்த மேனேஜர் தப்ப ஒத்துக்கிட்டிருக்காரு?” முதலாளி அறைப் பக்கம் கண்ணைக் காட்டிச் சிரித்தான். “ரொம்ப பயப்படாதீங்க அக்கா. வீட்ல சோபா போட்ட எடத்தயும் கிராஃப் பேப்பர்ல வரஞ்சு வச்சிருப்பீங்க போல.”

உண்மையில் வரைந்து வைத்திருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. என்னைப் பயமுறுத்தியது அந்தப் பெட்டி மறைந்தது அல்ல. அது சத்தமில்லாமல் மறைந்ததுதான். பார்ப்பவருக்கு அங்கே ஒரு பெட்டி இருந்ததாகவே தெரியாது. காலியிடமும் இல்லை, கிழிசலும் இல்லை. விண்டோ ஒழுங்காக, நிறைவாக இருப்பது போலவே இருக்கும்.

அந்த மருத்துவமனை விண்டோவில் எனக்கு முக்கியமாக இருந்தது ஒரே ஒரு விட்ஜெட்தான். நோயாளிக்கு ஆகாத மருந்தைச் சிவப்பில் காட்டும் பெட்டி. அதை எங்கே வைப்பது என்று தாதியரிடமே கேட்டோம். பெயரைப் படிக்கும்போதே கண்ணில் பட வேண்டும், ஆகவே பெயருக்கு வலது பக்கம் என்றார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. பெயருக்கு வலது பக்கம் என்று உறவைச் சொன்னோம். விண்டோவை ஓர் அளவுக்கு மேல் சுருக்க முடியாதபடி கீழ் எல்லையும் வைத்தோம். இனி யார் மூலையைப் பிடித்துத் தள்ளினாலும் சிவப்புப் பெட்டி மறையாது என்று நான் நம்பினேன்.

சோதித்துப் பார்க்க நோயாளிகள் வேண்டும். சீனப் பெயர்களை முதலாளி கொடுத்தார். மலாய்ப் பெயர்களைக் கணக்கு எழுதும் பெண் தன் உறவினர்களை யோசித்து யோசித்துக் கொடுத்தாள். அவற்றில் சில நீளமாகவே இருந்தன. தமிழ்ப் பெயர்கள் எங்கள் இருவர் பொறுப்பு. நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். ஓர் இனிஷியல், ஒரு பெயர். ஓர் இனிஷியல், ஒரு பெயர். நாங்கள் அப்படித்தான் எழுதிப் பழகியவர்கள்: பள்ளி நோட்டில், கல்யாணப் பத்திரிகையில், கோயில் ரசீதில். அப்பா ஒரே எழுத்தில் அடங்கிவிடுவார். அடையாள அட்டையில் மட்டும்தான் அவர் முழுதாக வந்து நிற்பார். அந்தச் சோதனைப் பட்டியலில் எல்லாரையும்விடச் சின்னப் பெயர்கள் தமிழர்களுடையவை. இதை இருவரும் கவனிக்கவில்லை. அம்மாவின் பெயர் நினைவுக்கு வரவில்லையா என்று பிற்பாடு என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். அவள் எனக்கு அம்மா. ஒரு பெயராக அவளை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரை வார்டில் நிறுவப் போனோம். எங்கள் அலுவலகத்தில் இருந்ததைவிட அங்கே வந்து இறங்கிய திரை சின்னது. விண்டோவின் வலது விளிம்பு திரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. தாதியர் தங்கள் பெயர்களைத் தட்டிப் பார்த்தார்கள். சிவப்புப் பெட்டி சரியாக வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது ஒருவர் கட்டில்களின் கால்மாட்டில் தொங்கிய சிவப்பு அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஆகாத மருந்தைக் கையால் எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டைகள் அவை. கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இனி எதற்கு என்றார். கொஞ்ச நாளைக்கு அதுவும் இருக்கட்டுமே என்று நான் சொன்னேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், எங்கள் வேலையை நாங்களே நம்பவில்லையா என்ற கேள்வி இருந்தது. அட்டைகள் கட்டிலுக்குத் திரும்பவில்லை. பேருந்தில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வலது விளிம்பே கண்ணில் நின்றது.

மழைக்காலத்தில் அம்மாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் கூடியது. நான் வேலையில் இருந்த நேரம் மூச்சு வாங்கவே, பக்கத்து வீட்டுக்காரர் டாக்சி பிடித்து அவளை அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விட்டார். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா எங்கள் கம்ப்யூட்டர் இருந்த அதே வார்டில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சாய்ந்து படுத்திருந்தாள். என் கண் முதலில் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனது. அங்கே ஒன்றும் தொங்கவில்லை.

“பெனிசிலின சொன்னியாம்மா?”

“சொல்லிட்டேன்டி.” அவளுக்கு ஒரு வாக்கியம் பேசி முடிக்கவே மூச்சு வாங்கியது. “கீழ கவுண்டர்ல இருந்த பிள்ள டக்கு டக்குனு தட்டிக்கிச்சு. என் பேரயும் முழுசாத் தட்டிச்சு. ஒன்னையும் விடல. எல்லாம் நீ செஞ்ச பெட்டியிலதான இருக்கு.”

அந்த நிலையிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை. எனக்கும் நிம்மதியாக இருந்தது. யாரைப் பார்த்தாலும் முதலில் அதைச் சொல்லும் நான், அன்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அது என் விண்டோவில் இருக்கிறது. நானே வைத்த பெட்டி. அலுவலகத்துக்குப் போன் செய்து வரமாட்டேன் என்று சொல்லலாம் என வராந்தாவுக்குப் போனேன். பொதுத் தொலைபேசி முன்னால் நின்று பையைத் துழாவினேன். பத்துக் காசு இல்லை. கீழே போய் மாற்றி வரலாமா என்று நினைத்து, அம்மாவிடமே இருக்கும் என்று திரும்பினேன்.

வாசலுக்கு வந்தபோது ஒரு தாதி டிரேயோடு அம்மாவின் கட்டிலருகில் நின்றிருந்தாள். ஈப்போவிலிருந்து வந்த தமிழ்ப் பெண். கம்ப்யூட்டரை நிறுவிய நாளிலிருந்தே அவளை எனக்குத் தெரியும்.

“ஆண்ட்டி, ஊசி போடணும், கைய நீட்டுங்க. அலர்ஜி ஏதாச்சும் உண்டா?”

“எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்மா,” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. “என் பொண்ணு செஞ்சது.”

“பாத்துட்டேன் ஆண்ட்டி. அதுல ஒன்னும் இல்ல.”

அம்மா கையை நீட்டினாள்.

அந்த நீட்டிய கையை இன்றும் என்னால் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லைதான் என்பது போல, முழு நம்பிக்கையோடு நீட்டினாள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. எதிர்க் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“போடாதீங்க! பெனிசிலின் ஆகாது அவங்களுக்கு!”

தாதி பின்வாங்கி டிரேயை மேசையில் வைத்தாள். “அக்கா, டாக்டர் போன்ல சொன்ன ஊசி இது. இதுவும் அந்த வகைதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சத்தியமா ஸ்கிரீன்ல இல்ல அக்கா. வந்து நீங்களே பாருங்க.”

போய்ப் பார்த்தேன். விண்டோ ஒழுங்காக, நிறைவாக இருந்தது. பெயருக்கான வரியில் அம்மாவின் புனிதர்கள் இருவர், தமிழ்ப் பெயர், மகள் என்ற குறி, தாத்தாவின் புனிதர்கள். ஓர் எழுத்து குறையாமல் வரிசையாக நின்று, திரையின் வலது விளிம்புவரை வந்திருந்தார்கள். பெயர் தனக்கு வேண்டிய அகலத்தைக் கேட்டது, மேனேஜர் கொடுத்துவிட்டது. அதற்கு வலது பக்கம் வேறொன்றும் இல்லை. திரையே முடிந்துவிட்டது.

மவுஸைப் பிடித்தேன். விரல் வழுக்கியது. விண்டோவை இடப்பக்கமாகத் தள்ளினேன். அம்மாவின் முதல் புனிதர் திரைக்கு வெளியே போனார். வலப்பக்கம் திறந்த இடத்துக்கு மூலையை இழுத்தேன். சிவப்பு ஓரம் ஒன்று தெரிந்தது. இன்னும் இழுத்தேன். சிவப்புப் பெட்டி முழுதாக வந்தது. அதில் பெனிசிலின் என்று இருந்தது. இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

தாதி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். “கடவுளே, இத்தன நாளா...” என்று ஆரம்பித்தவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் நினைத்ததையே நானும் நினைத்தேன். அந்த வார்டில் அடையாள அட்டைப் பெயரோடு படுத்திருந்த தமிழர்கள் வேறு யார் யார்?

டாக்டரிடம் சொல்லி அம்மாவுக்கு வேறு மருந்து எழுதி வாங்கிய பிறகு, தாதியின் மேசைப் போனிலிருந்தே அலுவலகத்துக்குப் பேசினேன். மார்சிலிங் பையன் டாக்சியில் வந்து இறங்கினான். அவனும் தாதியும் நானும் படுக்கை படுக்கையாகத் தட்டிப் பார்த்தோம். ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவரின் விண்டோவில் சிவப்புப் பெட்டியின் முதல் மூன்று எழுத்து மட்டும் தெரிந்தது. அவருக்கு ஆஸ்பிரின் ஆகாது. கொடுத்திருக்கவில்லை. தாதி மருந்துச் சீட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டி, கொடுக்கவில்லை என்று மறுபடி மறுபடி சொன்னாள். பிறகு டிராயரைத் திறந்தாள்.

“அந்தச் செவப்பு அட்டையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னாங்க அக்கா. நான் போடல, இங்கதான் வச்சிருக்கேன்.”

மூன்று பேரும் உட்கார்ந்து பழையபடி எழுதி, கட்டில்களில் தொங்கவிட்டோம். அம்மாவின் அட்டையை நான் எழுதினேன். பெரிய எழுத்தில், கோடு கோணாமல் எழுதினேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு, மூன்றாவதைத் தொங்கவிட்டேன்.

பையன் அன்று கேலி எதுவும் பேசவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மட்டும், “நாமளே நம்ம பேர மறந்துட்டோம் அக்கா,” என்றான். மறுநாள் அலுவலகத்தில் முதலாளி சொன்ன வழி சுலபமானது: பெயர்ப் பெட்டிக்கு ஓர் அகலத்தை முடிவு செய், மிஞ்சியதை வெட்டிவிடு. பையனுக்கும் அது போதும் என்றே பட்டது. எனக்கு அதுவும் பயமாக இருந்தது. அப்பாவின் பெயரை வெட்டிவிட்டால் ஒரே பெயர் கொண்ட இரண்டு பேர் திரையில் ஒருவராகிவிடுவார்கள். ஒருவரின் மருந்து இன்னொருவருக்குப் போகும். சாயங்காலம் அம்மாவிடம் இதைச் சொன்னேன். காய்ச்சல் இறங்கி, மைலோ குடித்துக்கொண்டிருந்தாள்.

“பேர ஏன்டி வெட்டறீங்க? பேரா ஊசி போட வந்துச்சு? உன் பெட்டிய நகத்து.”

நகர்த்தினோம். சிவப்புப் பெட்டிக்கு மேலே தனி வரி கொடுத்தோம். அதைப் பெயரோடு கட்டாமல், விண்டோவின் இடது விளிம்போடும் வலது விளிம்போடும் கட்டினோம். விண்டோ எவ்வளவு சுருங்கினாலும் அதுவும் சேர்ந்து சுருங்குமே தவிர வெளியே போகாது. இடம் போதாவிட்டால் எழுத்து அடுத்த வரிக்கு இறங்கும். பெயர் அதற்குக் கீழே, அதுவும் வேண்டிய வரிகளுக்கு மடிந்துகொள்ளும். சோதனைப் பட்டியலில் முதல் நோயாளியாக அம்மாவின் பெயரை அட்டையில் இருந்தபடியே தட்டினேன். மருத்துவமனையில் இருந்த அதே அளவுத் திரை ஒன்றை முதலாளி வாங்கித் தந்தார். புதியதைப் போட்ட பிறகும் சிவப்பு அட்டைகளை யாரும் கழற்றவில்லை.

அம்மா அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தாள். அவள் போனது இதயத்தால், தூக்கத்தில், எந்த ஊசியும் இல்லாமல்.

நான் இப்போது செங்காங்கில் இருக்கிறேன். வேலை இடங்கள் மாறின, கம்ப்யூட்டர்கள் மாறின. லேஅவுட் மேனேஜர்கள் எவ்வளவோ கெட்டிக்காரத்தனம் பெற்றுவிட்டன. நான் எழுதும் விண்டோக்களில் பலவற்றுக்கும் மருத்துவமனைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் எதை எழுதினாலும் முதலில் தட்டுவது அம்மாவின் பெயர்தான், புனிதர்கள் நால்வரோடும். விண்டோ திறந்து, பிள்ளைகள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்காரும் வரையில் ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணம் வலது விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேற்று ஒரு கிளினிக்குக்கான விண்டோவிலும் அப்படித்தான். பெயர் வந்தது, அதன் மேல் சிவப்பு வரி வந்தது. மூலையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். பெயர் இரண்டு வரியாக மடிந்தது. இன்னும் தள்ளினேன், மூன்று வரியானது. சிவப்பு வரி இருந்த இடத்திலேயே இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன்.